நொட்டோரியஸைச் சுற்றிய பச்சை வட்டம்

"எத்தனை வருசம் ஜெயில்ல இருந்தீங்கன்னு டென்மார்க்காரன் கேக்கறானுங்க!" என்றார் பனியன் ஏற்றுமதியாளர் சிவராஜ்.

ஓய்வுபெற்ற போலீஸ் ரைட்டரும் இப்போது துப்பறிபவருமான லிங்கசாமி அந்த விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினார். கோட்டுப் போட்ட சிவராஜின் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில், 'திருப்பூரின் நொட்டோரியஸ் தொழிலதிபர்'. உதவியாளர் யாழினி தன் சிரிப்பை இருமலாக்கினாள்.

"கெட்டதுக்குப் பேர் எடுத்தவன்னு அர்த்தமாமுங்க. ஆர்டரே போச்சு. எவன் வேலைன்னு சொல்லுங்க, ஊரை விட்டே துரத்தோணும்."

விசாரணைக்கு அனுமதி எழுதிச் சிவராஜ் பச்சை மையில் கையெழுத்திட்டார். பச்சை மை அரசு அதிகாரிகளுக்கு உரியது; சிவராஜ் அந்தப் பதவியைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டவர்.

"அச்சகத்துக்காரன்தானுங்க சார்!" என்றாள் யாழினி.

"அவனா இருந்தா ஸ்பெல்லிங் தப்பா இருக்கும் கண்ணு."

மறுநாள் லிங்கசாமி, அந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்த அலுவலக ஊழியர் நதியாவையும் சிவராஜின் அறைக்கு அழைத்தார். அச்சகத்தில் கிடைத்த மூலப்படியை மேசையில் வைத்தார். 'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' என்று இரண்டு சொற்கள். இரண்டாவதைச் சுற்றிப் பச்சை வட்டம்.

"தேர்ந்தெடுத்தது நீங்கதானுங்க."

சிவராஜ் நதியாவிடம் திரும்பினார். "ரெண்டுமே பேர் போனவர்னுதானே சொன்னே?"

"ஆமா சார். பேர் எப்படிப் போச்சுன்னு நீங்க கேக்கலையே. நீளமா இருக்கறதுதான் கெத்துன்னீங்க."

லிங்கசாமி இன்னொரு தாளை எடுத்தார். "இந்தப் பிள்ளையோட ஃபைல்ல அப்பா பேர் மொக்கைச்சாமி. உங்க செக்கிங் செக்சன்ல பதினாலு வருசம் இருந்தவர். தங்கச்சி மக காதுகுத்துக்கு நாலு நாள் லீவு கேட்டு எழுதுனாருங்க. 'ரிலீவ்'னு எழுத வேண்டிய இடத்துல 'டிஸ்மிஸ்'. நீங்க அதை மைக்குல படிச்சு எல்லாரையும் சிரிக்க வெச்சு, கீழே பச்சை மையில 'கேட்டபடியே வழங்கப்பட்டது'ன்னு எழுதி வேலையை விட்டே அனுப்பிட்டீங்க."

"அவனவன் எழுதுன வார்த்தைக்கு அவனவன்தானுங்க பொறுப்பு!"

"அதேதானுங்க நானும் சொல்றேன்," என்றார் லிங்கசாமி.

சிவராஜின் முகம் சாயப்பட்டறைத் தண்ணீர்போல நிறம் மாறியது. நதியாவை நோக்கி விரல் நீட்டினார். "உன்னை இப்பவே டிஸ்மிஸ்..."

"இருங்க சார்." நதியா ஓர் உறையை மேசையில் வைத்தாள். "டிஸ்மிஸ் வேற, ரிசைன் வேற. எங்கப்பாவுக்கு வித்தியாசம் தெரியலை, எனக்குத் தெரியும். வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பச்சையிலயே போடுங்க."