பக்கத்தில் கிடந்த எண்

மனைவியின் விரல்கள் ஜில்லிட்டுக் கிடந்தன. மானிட்டரில் மட்டும் பச்சை எழுத்தில் எழுபத்திரண்டு.

பட்டப்பகல்தான். ஏசியின் உறுமலும், தரை துடைத்த மருந்தின் நெடியும், திரைச்சீலை ஓரமாகக் கசிந்த மங்கல் வெயிலும் தவிர அந்த மருத்துவமனை அறையில் ஒன்றுமில்லை. காலையிலிருந்து தூங்குகிறாள், தூங்கட்டும் என்று கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவன் இப்போதுதான் அவள் கையைத் தொட்டான்.

"சிஸ்டர், இவ கை ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

நர்ஸ் வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தாள். "பல்ஸ் நல்லாத்தானே இருக்கு சார். ஏசி குளிரா இருக்கும், போர்த்தி விடுங்க." போய்விட்டாள்.

திரையை நம்பாமல் வேறு எதை நம்புவாள்? அதற்கு நிரல் எழுதிய மகராசனே இவன்தான். நாடித்துடிப்பைத் திரையில் காட்டும் வரியில் எண்ணுக்கு இடம் விட்டவன், எண்ணைக் கொடுக்க மறந்திருந்தான். நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் ஒவ்வொரு தடவையும் எச்சரித்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரியும் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "எண்ணைக் கொடுக்கலேன்னா அது சும்மா இருக்காதுப்பா. பக்கத்துல எது கிடக்குதோ அதை எடுத்துக் காட்டும்."

"வார்னிங்தானே, எரர் இல்லையே?" என்று சிரித்து, எச்சரிக்கையையே அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். சோதனையில் சரியான எண்ணே அங்கே கிடந்து தொலைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது திரையில் எண்பத்தெட்டு.

எண் ஏறியதும் அவனுக்கு உயிர் வந்தது. இவளை விட்டால் அவனுக்கு யாருமில்லை. "இந்தா, கண்ணைத் தொறம்மா" என்று அவள் மூக்கருகே விரலை வைத்தான். மூச்சு இல்லை. நூற்றுப் பத்து. மார்பில் காதை வைத்தான். ஏசியின் உறுமல் மட்டும். நூற்று முப்பது.

அவன் காதுக்குள் ரத்தம் இடித்தது. திரை அதே கதியில் மினுக்கியது. தன் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தான்.

ஒரு துடிப்பு. ஒரு மினுக்கல்.

கம்பி அவள் விரலில்தான் மாட்டியிருந்தது.

பின்வாங்கினான். எண் அவனை விடவில்லை. கத்த வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. தொண்ணூறு. அறுபது. முப்பது. நாற்காலியில் விழுந்தான்.

பிறகு எழுபத்திரண்டு. ஆடாமல், அசையாமல்.

நர்ஸ் மறுபடி எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களா சார், ஒண்ணுமில்ல. நீங்களும் கொஞ்சம் கண்ணசருங்க."

அவன் தன் கழுத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தான். அவன் விரல்களும் ஜில்லிட்டுக்கொண்டிருந்தன.