மூன்றாம் வரிசை

வாய் கொப்பளித்துத் துப்பிய பிறகும் பொன்னியம்மாளின் நாக்கு சும்மா இருக்கவில்லை. கீழ்ப்பல் வரிசைக்குப் பின்னால், நாக்குக்கு அடியில், உப்புக்கல் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. நேற்றுத் தின்ற நெத்திலியின் முள்ளாக இருக்கும் என்று விரலை விட்டு நோண்டினாள். முள்ளானால் அசைய வேண்டும். இது அசையவில்லை.

தோணிரேவிலிருந்து பழவேற்காட்டுக் கோட்டைக்கு ஏரிக்கரையோடு நடந்து வரும் வழியெல்லாம் அதை நாக்கால் தடவிக்கொண்டே வந்தாள். முன்னால் அவள் ஓரகத்தி தேவகி, ஐப்பசிச் சேற்றில் கால் படாத மாதிரி, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். அந்த நடையைப் பார்த்தாலே பொன்னியம்மாளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? கோட்டையில் இருக்கும் ஒல்லாந்துக்கார வெள்ளை வைத்தியரின் கை தன் வாய்க்குள் வருவதை எந்தப் பெண்பிள்ளை பொறுப்பாள்? அதற்காகத்தான் ஆறு வருஷத்துக்கு முன் பொன்னியம்மாளைக் கோட்டைக்குள் கூப்பிட்டார்கள். மெல்லிய இரும்புக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்க்கவும், பார்த்ததைக் காகிதத்தில் குறிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்து தெரிய வேண்டியதில்லை. மேலே பதினாறு கட்டம், கீழே பதினாறு கட்டம். பல் போயிருந்தால் பெருக்கல் போல இரண்டு கோடு, சொத்தைக்கு வட்டம், விளிம்பு உடைந்த மூளிப் பல்லுக்கு ஒரு சாய்கோடு, ஈறுக்குள் இருக்கும், இன்னும் முளைக்காத பல்லுக்கு ஒரு புள்ளி. பேருக்குப் பதில் காகிதத்தின் தலையில் ஒரு படம். மீன்கூடை சுமந்தவள் கையில் இறகுப் பேனா! குப்பமே வாயைப் பிளந்தது.

கூடமாட ஒருத்தி வேண்டும் என்று தேவகியை அழைத்து வந்ததும் அவளேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். மூன்றே மாதம். தேவகி விரல் பட்டால் வலிக்கவில்லை என்றார்கள் வந்த பெண்கள். அவள் கோடு நேராக இருக்கிறது என்றார் வைத்தியர். வலைநூலைக் கடித்துக் கடித்து முன்பல்லில் விழுந்த வெட்டோடு அவள் சிரித்தால் அந்த மனிதர்கூடப் பதிலுக்குச் சிரித்தார். இறகு தேவகியிடம் போனது. பொன்னியம்மாள் கைக்கு எச்சில் துப்பும் பித்தளைப் படிக்கம் வந்தது.

இறகு திரும்ப வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அதற்கு ஒரு வழி செய்தாள். திருப்பாலைவனத்துக் குடியானவர் வீட்டு லோகாம்பாள் கடைவாய்ச் சொத்தையோடு வந்தாள். தேவகி அந்தக் கட்டத்தில் வட்டம் போட்டு, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினாள். வைத்தியர் சாப்பிடப் போனார், தேவகி கிணற்றடிக்குப் போனாள். பொன்னியம்மாள் மேசைமேல் கிடந்த, தலையில் நெற்கதிர் வரைந்த அந்தக் காகிதத்தை உருவி, வட்டத்தின் மேல் பெருக்கல் போட்டுவிட்டாள். இருக்கிற பல்லை இல்லை என்று குறித்தவளுக்குக் கிடைக்கப்போகும் திட்டை நினைத்து அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் லோகாம்பாள் வாயைத் திறந்தாள். பல் இல்லை. ரத்தமும் இல்லை, குழியும் இல்லை. குழந்தையின் ஈறு போல அந்த இடம் மழமழவென்று மூடிக் கிடந்தது.

"பல்லு எங்கம்மா?" என்றாள் பொன்னியம்மாள்.

"அது எப்பவோ போச்சே. கண்ணாலத்துக்கு முன்னாடியே."

"பின்ன இன்னாத்துக்கு வந்தே?"

லோகாம்பாள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "தெர்லியேம்மா," என்றாள்.

வைத்தியர் காகிதத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், தேவகியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பயப்பட வேண்டிய இடம் அது. பொன்னியம்மாளுக்கோ எரிச்சல்தான் வந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் இன்று. கோட்டை அறையில் கிராம்பு எண்ணெயும் காடியும் நனைந்த சுண்ணாம்புச் சுவரும் கலந்து மணத்தன. சன்னலுக்குக் கீழே அகழித் தண்ணீர் கல்லில் மோதி மோதித் திரும்பியது. உச்சிவேளைக்குள் அந்த உப்புக்கல் வளர்ந்து நாக்கை மேலே தள்ளியது. புளி போட்டுத் துலக்கிய படிக்கத்தில் வாயைத் திறந்து பார்த்தாள்.

கடைவாய்ப் பல். முழுசாக. நடுவில் நண்டு வளை போல ஒரு பக்கம் சரிந்த கறுப்பு ஓட்டை. செவ்வாய்க்கிழமை லோகாம்பாள் வாயில் அவள் தன் கண்ணால் பார்த்த ஓட்டை.

படிக்கம் கை நழுவி உருண்டது.

"இன்னாக்கா?" என்றாள் தேவகி.

"ஒண்ணுமில்லடி."

அதோடு விட்டிருப்பாள். ஆனால் சாப்பிடக் கிளம்பிய வைத்தியர், காகிதங்கள் வைத்த மரப்பெட்டியின் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தேவகியிடம் கொடுத்தார். ஆறு வருஷத்தில் பொன்னியம்மாள் அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

"அக்கா, பாத்தியா!" வெட்டுப் பல் தெரியத் தேவகி சிரித்தாள். குடத்தை எடுத்துக்கொண்டவள் சாவியைப் பொன்னியம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். "நீ வச்சிரு அக்கா. கெணத்துல வுழுந்துடப் போவுது."

மழை இறங்கியது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. பொன்னியம்மாள் பெட்டியைத் திறந்தாள். தேவகி வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் வாயைப் பார்த்துக் குறித்த காகிதம் அடியில் இருந்தது. தலையில் நண்டுப் படம். மேல்வரிசை நடுவில் ஒரு சாய்கோடு.

பல் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் இறகை மையில் தோய்த்தாள். வரட்டுமே. அந்தச் சிரிப்பு என் வாய்க்கு வரட்டுமே.

சாய்கோட்டின் மேல் பெருக்கல் போட்டாள். வெளியே கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டது. பக்கத்துக் கட்டம். கிரீச். அடுத்தது. கிரீச். முப்பத்திரண்டும் முடிந்தபோது ராட்டினம் நின்றிருந்தது.

தேவகி குடத்தோடு உள்ளே வந்தாள். கன்னம் இரண்டும் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து கிடந்தது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பது போல அதே பாட்டை முணுமுணுத்தாள். குரலில் காற்று கலந்திருந்தது.

"மூஞ்சி வீங்கியிருக்கேக்கா. உக்காரு, பாக்கறேன்."

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள் பொன்னியம்மாள். வாய் மூடவில்லை. நாக்குக்கு இடமில்லை.

தேவகி படகுப் படம் போட்ட காகிதத்தை எடுத்தாள். பொன்னியம்மாளின் காகிதம். ஒரு கையில் கம்பி, மறு கையில் இறகு.

டக். டக். டக்.

வலிக்கவில்லை. அந்த விரல் பட்டால் வலிக்காது.

"கட்டம் பத்தலியேக்கா," என்றாள் தேவகி. இரண்டு வரிசைக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரிசைக்குக் கோடு கிழித்தாள்.

டக். டக்.

கம்பி நின்றது. விரல்நுனி ஒரு பல்லை மெல்லத் தடவியது. அந்த வெட்டைத் தடவியது.

"உனக்கு அழகா இருக்குக்கா." ஈறு தெரியச் சிரித்தாள்.

பிறகு நாலாவது வரிசை கிழித்தாள். ஐந்தாவது. காகிதத்தின் அடிவரைக்கும் கட்டங்கள். எல்லாம் வெறுங்கட்டம். இறகை மையில் தோய்த்து, முதல் கட்டத்தில், முளைக்காத பல்லுக்கான அந்தப் புள்ளியை வைத்தாள்.

பொன்னியம்மாளின் தொண்டைக்குள் ஒரு முனை நீட்டியது.

தேவகி பாட்டை முணுமுணுத்தபடி அடுத்த புள்ளியை வைத்தாள்.