பாறைவெடி குழுவின் மூச்சுக் கடன்

நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முப்பத்தாறு மூச்சு. நிலாவின் ஏழாம் குமிழ் நகரத்தில், 'பாறைவெடி' என்ற ஹார்ட் ராக் குழு காற்றுக் கழகத்துக்குப் பட்டிருந்த கடன் அது. அங்கே காசு என்றாலே மூச்சுதான். ஓர் ஆள் பத்து நிமிஷம் சுவாசிக்கிற காற்று ஒரு மூச்சு. சோற்றுக்கும் செருப்புக்கும் அதைத்தான் எண்ணிக் கொடுப்பார்கள்.

டிரம்ஸ் அடிக்கும் செங்கமலத்துக்கு அந்தக் கடனில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் சுரங்கத்தில் துளை போட்ட நான்கு பேர் தொடங்கிய குழு. காற்றில்லாத குகையில் சத்தம் பரவாது. அதனால் கம்பிகளைப் பாறையிலேயே முறுக்கிக் கட்டி வாசித்தார்கள். வேலை முடித்த ஆட்கள் தலைக்கவசத்தைப் பாறையில் அழுத்திப் படுத்துக் கேட்டார்கள். பாட்டு எலும்பு வழியாக ஏறியது. மூன்றாம் வருஷம் குமிழுக்குள் அரங்கம் கிடைத்தது. பத்தாம் வருஷம் பாடகன் ஆரோக்கியம் முறைத்துக்கொண்டு தனியே போனான். பன்னிரண்டில் குரல் கம்மித் திரும்பி வந்தான்.

அரங்கத்தில்தான் வம்பு. கூட்டம் குதித்துக் கத்தினால் காற்று பல மடங்கு செலவாகும், தண்டம் வேறு. சுவரிலுள்ள வளிமானி எல்லாவற்றையும் குழுவின் தலையில் எழுதும். ஆட்டம் எவ்வளவு சூடோ, கடன் அவ்வளவு. நான்கு வருஷமாகக் கழகம் அவர்களை மேடையேற விடவில்லை. இப்போது ஒரே ஒரு வாய்ப்பு. இதிலும் கடன் தீராவிட்டால் பாறைவெடி என்ற பெயர், பாட்டோடு சேர்த்து, கழகத்தின் நான்கு பாட்டு எந்திரங்களுக்குப் போய்விடும். எந்திரங்கள் மூச்சு விடாதவை.

"அக்கா, இன்னைக்கு மட்டும் மெதுவா அடி" என்றான் ஆரோக்கியம். "மூவாயிரம் பேர், ஆளுக்கு நூத்தம்பது வசூல். அவங்க சும்மா நின்னு கேட்டாத்தான் தப்பிப்போம்."

"சும்மா நிக்க நாம என்ன தாலாட்டா பாடுறோம்? நான் அடிச்சா அவனவன் எகிறிக் கூரையைத் தொடுவான். நீ உன் தொண்டையைப் பாரு."

"பேரு போயிடும்க்கா."

"மெதுவா அடிச்சா இப்பவே போச்சு."

அடித்தாள். இரண்டாம் பாட்டில் ஒரு குச்சி முறிந்தது. மூன்றாவதில் நிமிர்ந்து பார்த்தாள். மூவாயிரம் பேரும் நட்ட கம்பமாக, இமைக்காமல் நின்றார்கள். இந்த நான்கு வருஷத்தில் எல்லார் விழியிலும் கண்பதியம் குடியேறியிருந்தது. பார்ப்பதை அப்படியே பிடித்து வைக்கும் சில்லு அது. தலை ஆடினால் படம் ஆடும், மூச்சிரைத்தால் அதுவும் பதியும்.

"குதிங்கடா!" என்று கத்தினாள்.

முன்வரிசை இளைஞன் உதட்டில் விரல் வைத்து, "உஷ்!" என்றான்.

இரண்டு மணி நேரமும் அவள் கை தளரவில்லை. முடிந்ததும் வாசலில் அவனை மடக்கினாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

"பிரமாதமா இருக்கும்க்கா. இனிமேதான் பாக்கணும்."

"எப்போ?"

"நேரம் கிடைக்கணும். இதுக்கு முந்தி எடுத்ததே அறுநூறு கிடக்கு."

காற்றுக் கழக அதிகாரி பஷீர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "காற்றுச் செலவு முப்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுதான்மா. தூங்குற ஆளுங்க இழுக்கிற அளவு. கடன் போக உங்களுக்குப் பதினாலு மூச்சு மீதி. பேரும் உங்களுக்கே. இப்படி ஒழுங்கான ரசிகர்களை நான் கண்டதே இல்லை!"

கைரேகை வைக்கும் தட்டை நீட்டினார். செங்கமலம் கொப்புளம் உடைந்த கட்டைவிரலை அதில் அழுத்தினாள். அரங்கம் ஏறிய நாளிலிருந்து முதல் தடவையாகப் பாறைவெடியின் பேரில் ஒரு மூச்சுகூடக் கடன் இல்லை.