நெய் கலந்த புனுகு

கெடில நதியின் மேற்கே கதிரவன் சாய்ந்து, கரையோரத்து நாணற்பூக்களெல்லாம் செந்தூள் பூசி நின்ற அந்தி வேளையில், காற்று வாங்கவென்று போட்ட பட்டுக் கூடாரத்தில் கால்மேல் கால் போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தான் காடவ மாறாயன். எதிரே தெரிந்த நெடுங்குன்றக் கோட்டைக்கு அவன் தலைவனாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று தலைமுறையாக ஆண்டவன் போல ஒரு மிதப்பு. ஏணி சாத்தி ஏறியவர்களும் அகழியில் மூழ்கிச் செத்தவர்களும் வேறு யாரோ. மாலை விழுந்தது மட்டும் இவன் கழுத்தில்.

வாசனைப் பேழையைத் திறந்து வைத்து அவன் முன்னே நின்றாள் இளங்கோதை. பின்னால் மூட்டையோடு சாத்தன் நக்கன், பிறவி வணிகன். வாசகர்களே, இவளுக்கு வேண்டியது விலை அல்ல. 'சரக்கைக் கோட்டைக்குள் கொண்டு வா' என்ற ஒரு வார்த்தை. உள்ளே சிறைப்பட்ட ஒருவர் எந்த அறையில் கிடக்கிறார் என்று அறியாமல் அவரை மீட்க வழியில்லை. வேவுக்காரி என்று சந்தேகம் விழுந்தாலோ, இவள் தலை உடலில் தங்காது.

"என்னடி செட்டிச்சி, உங்கள் ஊர் ஆண்கள் எல்லாம் செத்துப்போனார்களா? நீ விற்க வந்திருக்கிறாய்."

"தங்களைப் போன்ற ரசிகருக்குக் காட்டும் சரக்கு, பிரபு. ஆண்களை நம்பி அனுப்ப மனம் வரவில்லை" என்று சிரித்தாள். இந்த மூக்குக்குச் சந்தனமும் சாணியும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டாள்.

"பின்னால் நிற்கும் அந்த நாய் யார்?"

சாத்தன் பல்லைக் காட்டினான். "குரைக்கத் தெரியாதுங்க. சுமக்க மட்டும்தான்."

மாறாயனின் பார்வை அவள் விரல்களில் வந்து நின்றது. "செட்டிச்சி கை மாதிரித் தெரியவில்லையே." அவன் கை உடைவாளின் பிடிக்குப் போயிற்று; கண் அவள் முகத்தைச் சோதித்தது. "உங்கள் கிழட்டு அரசன் மேற்குக் கொத்தளத்து நிலவறையில் கிடக்கிறானே, நேற்று ஒரு வாய்த் தண்ணீருக்கு என் காவலன் காலைப் பிடித்தானாம்."

"அரசர்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் வாங்குகிறவர்கள் பக்கம், பிரபு." சிரிப்பு அவள் உதட்டில் உறைந்து நின்றது.

அவன் புனுகை முகர்ந்து முகம் சுளித்தான். "தூ. நெய் கலந்து ஏமாற்றுகிறாய்."

'தங்கள் சித்தம்' என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னால் ஒரு சீறல் கேட்டது. நாய் என்றபோது பல்லிளித்த சாத்தன், இப்போது முகம் சிவந்து மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டான். இளங்கோதைக்குச் சுரீரென்று உறைத்தது. விற்கிறவள் தன்னைத் திட்டினால் தாங்குவாள். சரக்கைத் திட்டினாலும் சிரித்தால் அவள் விற்கிறவளே அல்ல.

பேழையை அறைந்து மூடினாள். "என்னைச் சொல்லும், என் ஆளைச் சொல்லும், கேட்டுக்கொள்கிறேன். என் புனுகைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? நேற்றுவரை லாயத்தில் படுத்த மூக்கு. பட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டால் வாசனை பிடிபட்டுவிடுமா? சாத்தா, மூட்டையைக் கட்டு. இவருக்கு வேப்பெண்ணெய் போதும்."

அத்தனையும் புனுகுக்காகப் பேசிய பேச்சு என்று நம்புகிறவர் மாறாயனுக்குச் சமமான அறிவாளி.

அந்த அறிவாளியின் கை வாளை விட்டது. விழுந்து விழுந்து சிரித்தான். "வியாபாரக்காரிதான். நான் வேறு என்னவோ நினைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே அம்மா, நாளைக் காலை எல்லாவற்றையும் உள்ளே கொண்டு வா. வாசலில் என் பெயரைச் சொல்."

"தங்கள் முகத்துக்காக வருகிறேன்" என்று கும்பிட்டாள்.

படகு நடு ஆற்றை அடைந்தபோது நிலா எழுந்திருந்தது. துடுப்பு வலித்த சாத்தன் தொண்டையைக் கனைத்தான். "ஒன்று சொல்லணும் அம்மணி. புனுகில் கொஞ்சம் நெய் கலந்ததுதான். அதைப் போய் அந்த மடையன் கண்டுபிடித்துவிட்டானே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து இரு கைகளிலும் ஆற்று நீரை அள்ளினாள்.

"சாத்தரே, என்னை அரண்மனைத் தாதி என்றுதானே நம்பிக் கூட வந்தீர். நிலவறையில் கிடப்பவர் என் தந்தை. நாளை என் கையால் அவருக்கு நீர் கொடுக்கும்வரை இந்த ஆற்றில் ஒரு சொட்டு என் நாவில் படாது."

சாத்தனின் கையிலிருந்து துடுப்பு நழுவியது. நெடுங்குன்றத்து இளவரசி, உலர்ந்த உதடுகளோடு, அள்ளிய நீரை மெல்ல ஆற்றிலேயே விட்டாள்.