இரண்டாவது ஜாய்ஸ்டிக்

யாரும் தொடாத இரண்டாவது ஜாய்ஸ்டிக் மொசைக் தரையில் கிர்ரென்று அதிர்ந்தது. டிவியின் ஒரு பாதியில் ஆஸ்டினின் கார் ஓடிக்கொண்டிருந்தது. மறுபாதியில் செத்துப்போன தங்கை ஷெரிலின் கார், புறப்பட்ட இடத்திலேயே நின்றிருந்தது. கார் எதிலாவது மோதினால்தான் ஜாய்ஸ்டிக் அதிர வேண்டும்.

"டேய், உன் தங்கச்சி முப்பதாம் நாள் பூசைடா." அம்மா மர்சலின் வாசலில் செருப்பை மாட்டினாள். "இன்னிக்குமா கேமு?"

"நீ போ மம்மி. பின்னாடியே வர்றேன்."

கேட் சாத்தும் சத்தம் அடங்கியதும், சாந்தோம் ரோட்டுப் பஸ்களின் இரைச்சலுக்கும், ஜன்னல் வழியே வந்த கடலின் உப்பு வாடைக்கும், ஷெரிலின் படத்தில் வாடிக்கிடந்த சம்பங்கி மாலையின் நெடிக்கும் நடுவே, அந்த கிர்ர் மட்டும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் வந்த காய்ச்சல், அவள் பாதத்தில் ஆரம்பித்து உடம்பின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசி நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையை இவன் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"புடிச்சினு கீறியா, இல்ல டபாய்க்கிறியாடா? ஒண்ணுமே தெரில."

சிரித்தாள். நம்பாமலே போய்விட்டாள்.

அந்த ஒன்றுக்காகத்தான் தினமும் இருவர் ஆட்டத்தைப் போட்டு, அவளுடைய ஜாய்ஸ்டிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்கிறான். பிடித்திருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

"ஷெரில்? சத்தியமா புடிச்சிருந்தேன்டி."

வலது கையை அதன்மேல் வைத்தான். அதிர்வு விரல்களில் புகுந்தது, மணிக்கட்டைத் தாண்டியது, முழங்கைவரை வெதுவெதுப்பாக ஏறியது. எடுக்க மனம் வரவில்லை.

"இப்போ தெரியுதா?"

ஷெரிலின் கார் நகர்ந்தது.

பட்டன்கள் தாமாக அமுங்கின. கிர்ர். கிர்ர். சத்தம் கேட்டது. ஆனால் கையில் அதிர்வு இல்லை. கிள்ளிப் பார்த்தான். இல்லை. கடித்தான். இல்லை.

விரல்கள் வெளுத்தன. ஒன்றோடொன்று நெருங்கி நசுங்கின. புறங்கையில் நான்கு பள்ளங்கள். சின்னப் பள்ளங்கள். நகம் பதிந்த இடத்தில் ரத்தம்.

அவள்தான். பிடித்திருந்தாள், உயிரைப் பிடிப்பதுபோல. அவனுக்குத்தான் எதுவும் எட்டவில்லை.

அழுதான்.

இடது கையில் இன்னும் உணர்ச்சி இருந்தது.

அதையும் நீட்டினான்.

சுண்டுவிரல் வெளுக்கத் தொடங்கியது.