மாதுளைக்கு விட்ட மூச்சுத்துளை

முனவ்வர் தாய்வீட்டிலிருந்து திரும்பியபோது, கொல்லையில் மூன்று மாதுளைச் செடிகளும் ஏற்கெனவே புதைக்கப்பட்டிருந்தன. குவா என்ற அந்த ஊரில் பனிக்காலத்துக்கு முன் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலைதான். செடியை வளைத்துப் படுக்கவைத்து, கயிற்றால் கட்டி, வைக்கோலும் மண்ணும் போட்டு, கடுங்குளிர் வரும்வரை மூச்சுவிட ஒரு துளை விடுவார்கள். ஆனால் மாதுளை லேசில் படுக்காது. ஒருவர் ஏறி மிதித்து நிற்க, இன்னொருவர் மண்ணை இழுக்க வேண்டும். வருடா வருடம் ஏறி நிற்பவன் அவள் கொழுந்தன் எல்முரோத். சும்மா நிற்பானா? குரங்குபோல் குதித்து அண்ணியைச் சிரிக்கவைப்பான்.

யார் ஏறி நின்றது என்று கேட்டாள். தனியாகவே புதைத்ததாகச் சொன்னான் அவள் கணவன் ஹோல்மத். எல்முரோத் வேலைக்கு ரஷ்யா போய்விட்டானாம். அந்த வாயாடி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா போவான்? கடைக்குட்டிக்குத்தான் அப்பா வீடு என்பது ஊர் வழக்கம். வசந்தத்தில் எல்முரோத்துக்குக் கல்யாணம்; அதற்குள் ஹோல்மத் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். அந்தப் பேச்சு எழுந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

"இன்னைக்கு உறைபனி விழும். துளையெல்லாம் அடைச்சிட்டு வா," என்றான் ஹோல்மத். கோப்பையைப் பிடித்திருந்த அவன் உள்ளங்கையில் கயிறு அறுத்த ரணம்.

வைக்கோலை அணைத்துக்கொண்டு அவள் கொல்லைக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது; பக்கத்து வீட்டு அடுப்புப் புகை தரையோடு படிந்து கிடந்தது, உதிர்ந்த இலைகள் காலடியில் நொறுங்கின, முதல் இரண்டு மேடுகளின் துளைகளிலிருந்து ஈரமண்ணின் குளிர்ந்த வாடை மட்டும் வந்தது. அவற்றை அடைத்தாள். மூன்றாவது மேட்டின் துளையில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

குனிந்து காது கொடுத்தாள். உள்ளே யாரோ மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டார்கள்.

"எல்முரோத்?"

மூச்சு நின்றது. பிறகு வேகமாக வந்தது.

உயிரோடு இருக்கிறான். கூடப்பிறக்காத தம்பி, உயிரோடு இருக்கிறான். வெறுங்கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. வைக்கோல் வந்தது. கயிறு. அதன்கீழே சட்டை. கைகளையும் கிளைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தது. முகத்து மண்ணைத் தள்ளினாள். மண்டை பிளந்திருந்தது. வாய் நிறைய மண். கன்னம் கல்லாகச் சில்லிட்டிருந்தது. செத்துப் பல நாளாகியிருக்க வேண்டும்.

மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அடைக்கத்தானே சொன்னேன்," என்றது பின்னாலிருந்து ஹோல்மத்தின் குரல்.

மண்வெட்டி இறங்கியது. அவள் உருண்டாள். வெட்டு கயிற்றில் விழுந்தது. இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த மாதுளை சீறி எழுந்து அவன் முகத்தில் அறைந்தது. முள் கண்ணில் இறங்கியது. கழுத்தில் இறங்கியது. ரத்தம் அவள் வாய்வரை தெறித்தது. கிளைகளோடு எழுந்த இரண்டு கைகள் அவன் முதுகைச் சுற்றிக் கோத்துக்கொண்டன.

பிறகு மாதுளை படுத்தது. மேலே யாரும் ஏறவில்லை. யாரும் மிதிக்கவில்லை. தானாகவே, மெல்ல, அவனையும் இழுத்துக்கொண்டு படுத்தது. மண் சரிந்து மூடியது, ஒரு துளை மட்டும் விட்டு.

மேடு குலுங்கியது. எலும்பு முறிந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. உள்ளே ஹோல்மத் அவள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினான். காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

துளையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. மண் அடைத்த குரல். ஆனாலும் அதே விளையாட்டுக் குரல்.

"குளிருது அண்ணி. இவரு வேற கத்துறாரு. அடைச்சிடுங்க."

நீலம் பாரித்த நான்கு விரல்கள் வெளியே வந்து, அவள் காலடியில் சிதறிக் கிடந்த வைக்கோலுக்காக விரிந்தன.