கண்டென்சரில் மஞ்சள் கோடு

காருக்குள் ஒரு பிணம் உட்கார்ந்திருந்தது.

கை இரண்டும் ஸ்டியரிங்கில். தலை ஹாரன் மேல். ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது...

காலை ஒன்பது மணி வெயிலில் திருத்தங்கல் ரோட்டில் அந்த அலறலைக் கேட்டுத்தான் பருத்திக்காட்டில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள்.

செத்தவர் சண்முகவேல். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி முதலாளி. கார், ஜமீன் வீட்டு ஏலத்தில் அவர் எடுத்த சீமைச் சரக்கு. மூக்கு நீண்ட ஸ்போர்ட்ஸ் வண்டி. ரெண்டே சீட். பத்து வயது தாண்டிய கிழம். ஆனாலும் 1964-ல் அந்தப் பக்கத்தில் ஏ.ஸி. வைத்த கார் அது ஒன்றுதான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்த ஏ.ஸி.யை ரிப்பேர் செய்த மெக்கானிக் ஒச்சப்பன் கையில் விலங்கு விழுந்தது.

நாலு மணிக்குக் கோர்ட். அதற்கப்புறம் ஜெயில். அதற்கும் அப்புறம்... கயிறு.

ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய் நின்றாள். ஒன்பது மாத வயிறு. கையில் ஒரு சொம்பு. அவளுக்குப் பின்னால் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் நூறு பேர். நூறு பேர் கையிலும் கல்.

இன்ஸ்பெக்டர் காசிராஜன் மேஜை மேல் தொப்பியை வைத்தார்.

"ஏலே ஒச்சப்பா, முந்தாநாள் கண்டென்சர் மாத்துனது யாரு?"

"நான்தான்யா."

"நேத்து கேஸ் அடைச்சது?"

"அதுவும் நான்தான்யா."

"இப்ப அதுல கேஸ் இருக்கா?"

"...இல்லய்யா."

"அந்த மனுசனுக்கு உசுரும் இல்ல. ரெண்டும் சேந்தே போயிருக்கு. பெறகென்னலே?"

ஒச்சப்பன் செய்த வேலையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

கண்டென்சர் என்பது ரேடியேட்டருக்கு முன்னால், காரின் மூக்கில் நிற்கும், ஏ.ஸி. கேஸ் ஓடும் குழாய்ச் சுருள். பழையது ஓட்டை. சோப்புத் தண்ணீர் தடவியதும் முத்து முத்தாய் நுரை தள்ளியது. மதுரையில் மூடிப்போன சினிமாக் கொட்டகையின் குளிர் மெஷினிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து, அளவுக்கு வெட்டி, பற்றவைத்து மாட்டினான். மாட்டிய பிறகும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான்.

ஒரு குமிழி இல்லை.

"அய்யா, கசிஞ்சாலும் உள்ள வராதுய்யா. காரு மூக்குல இருக்கு. அப்படியே காத்தோட போயிரும். அந்தக் கேஸு ஆளைக் கொல்லாது."

"பொய் சொல்லுறான்..."

பெஞ்சில் ஒரு குரல் விம்மியது. சண்முகவேலின் மனைவி சொர்ணலட்சுமி. சேலைத் தலைப்பு வாயில். கண் இரண்டும் கோவைப்பழம்.

"இவன்தான் அவுகட்ட சொன்னான், இன்ஸ்பெக்டர். இந்தக் கேஸு கசிஞ்சா உள்ள இருக்கிற ஆளு அஞ்சு நிமிசத்துல செத்துப்போவான்னு."

ஒச்சப்பன் தலை கவிழ்ந்தான்.

சொன்னது வாஸ்தவம். நேற்று முதலாளி கேட்டார். அவருக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற கை. தானே ஸ்பானரைப் போட்டுக் கெடுத்துவிடக் கூடாதே என்று வாயில் வந்ததை அடித்துவிட்டான்.

ஒரு பொய். அது இப்போது கழுத்தைச் சுற்றிக்கொண்டது...

"அய்யா, டாக்டரு என்ன சொல்றாரு?"

"ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும்லே. அதுவரைக்கும் உன்னய மடியில வச்சுக் கொஞ்சவா?"

"வண்டிய ஒருக்க பாத்துக்கிறேன்யா. அஞ்சு நிமிசம்."

"ஓடுனா?"

"அவள இப்படி நிறுத்திட்டு எங்கய்யா ஓட?"

காசிராஜன் கேட்டைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். எழுந்தார்.

கார் ஸ்டேஷன் வளாகத்து வேப்ப மரத்தடியில் நின்றது. விலங்குக் கையாலேயே ஒச்சப்பன் முன்மூடியைத் தூக்கினான். சொர்ணலட்சுமியும், கம்பெனி மேனேஜர் சீனிவாசகமும் பின்னால் வந்து நின்றார்கள்.

கண்டென்சரின் மேல் மூலை. குழாயைப் பிடிக்கும் நட்.

இரண்டு சுற்று லூஸ்.

ஒச்சப்பன் குனிந்தான். இன்னும் குனிந்தான். நட்டின் விளிம்பில் ஏதோ மின்னியது...

மஞ்சள் கோடு!

"அய்யா... இங்கன பாருங்க. இரும்பு நட்டுல மஞ்சளா இழுவி இருக்கு. என் ஸ்பானரு அம்புட்டும் இரும்பு. இது பித்தளை ஸ்பானரு போட்ட கோடு."

"பித்தளையில எவன்லே ஸ்பானர் வச்சிருக்கான்?"

கேட்ட வாய் அப்படியே நின்றது. சிவகாசிக்காரருக்குத் தெரியாதா? வெடிமருந்து புழங்கும் இடத்தில் இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. பொறி விழுந்தால் ஷெட் இருக்காது. அதனால் பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற சாமான் எல்லாம் பித்தளை.

இன்ஸ்பெக்டரின் தலை மெல்லத் திரும்பியது. சீனிவாசகத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மேனேஜரே..."

"முருகா! நான் இல்லீங்கய்யா. எங்க கம்பெனியில சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாச் சாமானையும் பெட்டியில போட்டுப் பூட்டிருவோம். அத யாரும் தெறக்க முடியாது."

"சாவி?"

"மொதலாளி யாருகிட்டயும் குடுக்க மாட்டாக. அவுக அரைஞாண் கயித்துலயே தொங்கும்."

காசிராஜன் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே கறுப்புக் கயிறு. கயிற்றில் சாவி.

"பொணத்து இடுப்புல இருந்து நான்தான் அறுத்தேன்."

காசிராஜன் சாவியையும் நட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... செத்தவரே நட்டக் கழட்டுனாரா? தனக்குத்தானே குழி வெட்டுனாரா?"

சீனிவாசகம் சொர்ணலட்சுமியை ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு அந்தக் காருல போறதா இருந்தது மொதலாளி இல்லீங்கய்யா. அம்மா. அருப்புக்கோட்டையில பொறந்த வீட்டுக்கு, டிரைவரோட. கெளம்புற நேரத்துல தலவலின்னுட்டாக. 'நீங்க மதுரைக்கு ஆர்டர் விசயமா போகணும்னீகளே, சும்மா நிக்கிற கார எடுத்துட்டுப் போங்க'ன்னாக. எம் முன்னாடிதான் சொன்னாக. மொதலாளியால மறுக்க முடியல. மொகம் செத்துப்போச்சு."

சொர்ணலட்சுமியின் வாயிலிருந்து சேலைத் தலைப்பு நழுவியது.

"என்னயவா...? என்னயவா கொல்லப் பாத்தாரு, அந்த ஆளு?"

கட்டிய புருஷனைக் கொல்ல வெறுங்கையே போதும் என்கிற மாதிரி ஒரு பார்வை. ஆனால் ஒச்சப்பன் அவளைப் பார்க்கவில்லை. கார் ஜன்னல் வழியே தலையை உள்ளே விட்டிருந்தான்.

சீட்டில் விரல் வைத்து இழுத்தான். விரல் கறுத்தது.

"அய்யா, நேத்து ராத்திரி நான் தொடச்சுக் குடுத்த சீட்டு. இப்ப கரிசல் மண்ணு கொட்டிக் கெடக்கு. கண்ணாடிய எறக்கிவிட்டுத்தான் ஓட்டி வந்திருக்காரு."

காசிராஜன் திரும்பி, காரை ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்த கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

"ஆமாய்யா. நான் போகையில ரெண்டு கண்ணாடியும் எறங்கித்தான் கெடந்துச்சு. இங்கன நிறுத்துறப்ப நான்தான் ஏத்தி... அப்புறம் வெக்கைன்னு திரும்ப எறக்குனேன்."

"இத மொதல்ல சொல்ல உனக்கு நோவா?"

"நீங்க கேக்கலய்யா."

ஒச்சப்பனுக்கு மூச்சு வந்தது. சித்திரை வெயிலில் ஏ.ஸி. காரில் கண்ணாடியை இறக்குவது யார்? கேஸுக்குப் பயந்தவன். நட்டைத் தானே கழற்றியவன். கண்ணாடி இறங்கிய காரில் கேஸ் யாரைக் கொல்லும்?

"அப்ப மனுசன் எதுலலே செத்தாரு?"

ஒச்சப்பன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். வெளியே வந்தது பிளாஸ்க்கின் மூடி. அடியில் வெள்ளையாய்க் காய்ந்த மோர். காசிராஜன் மோந்தார். முகம் சுருங்கியது.

"பருத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்து..."

சீனிவாசகம் மெதுவாக முனகினார்.

"காலையில தகவல் வந்ததும் வீட்டுல இருந்து அம்மாதான் முதல்ல ஓடி வந்து கார்மேல விழுந்து அழுதாக. திரும்பிப் போகையில, தான் மோர் ஊத்திக் குடுத்துவிட்ட பிளாஸ்க்க மடியில கட்டிட்டுப் போனாக. புருசன் ஞாபகத்துக்குன்னு நெனச்சேன்."

ஒச்சப்பன் நிமிர்ந்தான்.

"மொதலாளியம்மா, நான் கேஸு கொல்லும்னு சொன்னது உங்க வீட்டுக் கார் ஷெட்டுல. அப்ப அங்கன அவுகளும் நானும்தான். உங்களக் கொல்ல நெனச்சவுக அத உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாக. உங்களுக்கு எப்படித் தெரியும்? சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னீகளாக்கும்?"

சொர்ணலட்சுமி கண்ணைத் துடைத்தாள். அதற்கப்புறம் கண்ணீர் வரவில்லை.

"நின்னேன். எங்கப்பா வச்ச கம்பெனி அது. அடுத்த வாரம் மதுரையில வச்சிருக்கிறவ பேருக்கு எழுத இருந்தாரு. கேஸு மேல பழி போயிரும்னு நெனச்சேன். அந்த மனுசனும் அதையேதான் நெனச்சிருக்காரு... இருவது வருசத்துல இதுல மட்டும்தான் எங்களுக்கு ஒத்துப்போயிருக்கு."

பெண் கான்ஸ்டபிள் இல்லாத ஸ்டேஷன். அவளே நடந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காசிராஜன் விலங்கைக் கழற்றினார்.

"ஏலே, நீ விட்ட ஒரு பொய்ய நம்பி ரெண்டு பேரு கொலைக்குக் கெளம்பிருக்காக. இனிமேயாவது வாய அடக்கு."

"கண்டென்சர் மேல சத்தியம்யா."

கேட் திறந்தது. கல் எடுத்த கைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன. வெள்ளைத்தாய் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாய் வந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்த முகம்.

"மாமா... காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. இந்தாங்க, மோரு கொண்டாந்திருக்கேன்."

ஒச்சப்பன் சொம்பைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். மறுபடி சொம்பைப் பார்த்தான்.

"மொத மடக்கு நீ குடி, தாயி."